பாக்கெட் கருவி வாங்கும் முன் இரண்டு வாரம் பொறுங்கள்

அரங்கங்களில் ஒலியமைப்பு வேலை செய்கிறேன். பதினாறு வருடமாகிறது. பெரிய கருவிப் பெட்டி ஒன்று உண்டு; அது வண்டியிலோ மேடைக்குப் பின்னாலோ இருக்கும். கோளாறு வருவது என்னவோ எப்போதும் அதற்கு எதிர்க்கோடியில்தான். திரை விலக நான்கு நிமிடம் இருக்கும்போது மைக் ஸ்டாண்டின் கழுத்து தளர்ந்து தொங்கினால், ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து தேட முடியாது. உடுப்பின் பைக்குள் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் சாவிக்கொத்தில் தொங்கும் கத்தரி, விரல் நீள டார்ச், சின்ன ஸ்க்ரூடிரைவர் மாதிரியான சாமான்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சம்பளம் சேர்ந்ததும் நான் வாங்கியது மல்டிடூல், அதாவது பல கருவிகளை ஒன்றாக மடக்கி வைத்த சாமான்; பதினெட்டு வேலை செய்யும். கையில் எடுத்தால் செங்கல் துண்டு மாதிரி கனக்கும். பெண்களுக்குத் தைக்கும் பேன்ட்டுகளில் பை என்று பேருக்கு நாலு விரல் ஆழம் இருக்கும்; அதில் இதைப் போட்டால் குனிந்தவுடன் விழுந்துவிடும். ஒரு வாரத்தில் அது தோள்பைக்குப் போனது, தோள்பை அறை மூலைக்குப் போனது. ஒருநாள் மேடையில் ஒரு கேபிள் டை, அதாவது ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் சாவிக்கொத்தில் இருந்த குட்டிக் கத்தரியால் அதை வெட்டிவிட்டுச் சொன்னார்: “நீ வாங்கினது நல்ல சாமான்தாம்மா. ஆனா அது அங்க இருக்கு, நீ இங்க இருக்க.”

அன்றிலிருந்து எதையும் வாங்கும் முன் இரண்டு வாரம் பொறுக்கிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனில் ஒரு குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். “இப்போது கையில் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருக்குமே” என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் அதை எழுதுங்கள். கருவியின் பெயரை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். “கத்தி” என்று எழுதினால் கத்தி வாங்கத் தோன்றும். “பார்சல் டேப்பைக் கிழிக்க”, “மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ முடுக்க”, “மேசைக்கடியில் பிளக் தேட”, “விரலில் சிலாம்பு எடுக்க” என்று எழுதினால் விஷயம் வேறு மாதிரித் தெரியும். என் பட்டியலில் டேப்பும் நூலும் கேபிள் டையும் வெட்டுவது கிட்டத்தட்ட தினமும் வந்தது. இருட்டில் ஒயரின் எண் படிப்பது அதற்கு அடுத்தது. சின்ன ஸ்க்ரூ முடுக்குவது வாரத்துக்கு நாலைந்து. எதையாவது இறுக்கிப் பிடித்து இழுக்க இடுக்கி தேவைப்பட்டது மொத்தமே மூன்று தடவை. கத்திதான் வேண்டும், கத்தரியால் ஆகாது என்ற நிலை இரண்டே தடவை. ரம்பம் ஒருமுறைகூட இல்லை. நான் அதுவரை சுமந்த மல்டிடூலில் நல்ல ரம்பம் இருந்தது, கத்தரி இல்லை.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். தோட்டவேலை செய்பவருக்குக் கத்தி முதலில் வரும், கணினி பழுது பார்ப்பவருக்கு ஸ்க்ரூ முனைகள் வரும். அடுத்தவர் மேசைமேல் அழகாகப் பரப்பிப் படமெடுத்த சாமான்களைப் பார்த்து வாங்கினால் அவருடைய வேலைக்கான கருவிகள் உங்கள் பையில் இருக்கும்.

பட்டியல் கிடைத்த பிறகும் கடைக்குப் போகாதீர்கள். வாங்க நினைக்கும் பொருளின் நீள, அகல, தடிமனைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் அட்டையை மடித்து ஒட்டிப் பொம்மை செய்யுங்கள். எடையும் தெரியுமென்றால் உள்ளே நட்டு, போல்ட் போட்டு அதே எடைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், படியேறுங்கள். குழந்தை விளையாட்டு மாதிரித் தெரியலாம். எனக்கு இது மூன்று பொருள்களை வாங்காமல் காப்பாற்றியிருக்கிறது. 58 மில்லிமீட்டர் நீளத்துக்கும் 91 மில்லிமீட்டர் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் திரையில் ஒன்றுமில்லை. தொடைக்கு நன்றாகத் தெரியும். சாவிகளைத் தவிர்த்து, தினமும் உடம்பில் சுமப்பது மொத்தம் 150 கிராமைத் தாண்டக்கூடாது என்பது என் வரம்பு. தாண்டினால் எதையாவது வீட்டில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

டார்ச்

போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று கேட்பார்கள். போனை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வேலை செய்ய முடியாது, ஈரத்தில் கீழே வைக்க முடியாது, அதன் சார்ஜ் வேறு வேலைக்கு வேண்டும். விரல் நீள டார்ச் ஒன்று தனியாக இருப்பது நல்லது. ஆனால் இந்தச் சந்தையில்தான் எண்கள் அதிகம் ஏமாற்றும்.

பெட்டியில் முதலில் கண்ணில் படுவது லூமன், அதாவது டார்ச் மொத்தமாக வெளியிடும் வெளிச்சத்தின் அளவு. கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் என்று தோன்ற, லூமன் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். அதனால் 300 லூமனுக்கும் 400 லூமனுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியாது. சில நூறு லூமனுக்கு மேல் போகும் குட்டி டார்ச்சுகள் அந்த வெளிச்சத்தை ஒன்றிரண்டு நிமிடம்தான் தரும். உடம்பு சின்னது, சூடு வெளியேற வழியில்லை, தானாகவே குறைத்துக்கொள்ளும்.

இதற்கென்று ஒரு அளவுமுறை இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் வந்த ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரம் அது. அதன்படி வெளிச்சத்தை டார்ச் போட்ட உடனே அளக்கக்கூடாது. 30 விநாடி கழிந்த பிறகுதான் அளக்க வேண்டும். எவ்வளவு நேரம் எரியும் என்பது, அந்த ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். எவ்வளவு தூரம் அடிக்கும் என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ்) குறையும் இடம் வரை, அதாவது தெளிந்த பௌர்ணமி நிலா வெளிச்சத்தின் அளவு வரை. இதைப் புரிந்துகொண்டால் பெட்டியைப் படிக்கும் முறையே மாறிவிடும். “100 மீட்டர் அடிக்கும்” என்றால் 100 மீட்டரில் நிலா வெளிச்சம் மட்டும் கிடைக்கும் என்று பொருள். “5 மணி நேரம்” என்றால் அதில் கடைசி சில மணி நேரம் மங்கலாக இருக்கலாம் என்று பொருள். நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தை நேர்மையான தயாரிப்பாளர்கள் கொடுப்பார்கள். அது தட்டையாக ஓடிக் கடைசியில் விழுந்தால் நல்லது.

என் வேலைக்கு அதிகபட்ச வெளிச்சத்தைவிடக் குறைந்தபட்ச வெளிச்சம்தான் முக்கியம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் 200 லூமன் பட்டால் அரை நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. 1 லூமனுக்கும் கீழே ஒரு நிலை இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் அந்தக் கீழ் நிலையில் தொடங்குகிறதா, இல்லை முகத்தில் அறைகிற மாதிரி உச்சத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தூங்கும் குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இது பொருந்தும். அவசரத்துக்கு மின்னி மின்னி எரியும் நிலை ஒன்றை எல்லா டார்ச்சிலும் வைத்துவிடுகிறார்கள். அது சாதாரண நிலைகளின் வரிசைக்குள் வராமல் ஒளிந்திருந்தால் நிம்மதி.

அடுத்தது நிறம். இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஒருமுறை பல ஒயர்கள் சேர்ந்த கேபிளில் பழுப்பையும் சிவப்பையும் மாற்றி இணைத்துவிட்டேன். மூன்று சேனல் வேலை செய்யவில்லை, காரணம் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் புரிந்தது: டார்ச்சின் நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்ற அளவு உண்டு, உச்சம் 100. விலை குறைந்த டார்ச்சுகள் பலவும் 70 பக்கம்தான் நிற்கும். 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள், அடர் சிவப்பைக் குறிக்கும் ஆர்9 என்ற எண்ணையும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. இதற்காக லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

பேட்டரியில் கவனம் வேண்டும். ட்ரிபிள் ஏ, டபுள் ஏ செல் போடும் டார்ச் என்றால் எங்கே போனாலும் செல் கிடைக்கும். அல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசிந்து உள்ளே தகட்டை அரித்துவிடும்; ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுங்கள். இன்னொரு ஆபத்து: 14500 என்ற லித்தியம் அயான் செல் பார்க்க டபுள் ஏ மாதிரியே இருக்கும், அதே குழலுக்குள் போகும். ஆனால் டபுள் ஏ 1.5 வோல்ட், இது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச்சின் குறிப்பில் 14500 ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன், ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, பொசுங்கிய நாற்றம் வந்து, முடிந்தது.

18650 என்ற, டபுள் ஏயைவிடப் பெரிய லித்தியம் அயான் செல்லைத் தனியாக வாங்குகிறவர்கள் மேலே 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சிட்டதைப் பார்த்தால் அந்தக் கடையையே விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த அளவு உருளைக்குள் அவ்வளவு கொள்ளாது. 3500 பக்கம் இருப்பதே நல்ல செல்.

டைப் சி துளை வைத்து நேரடியாகச் சார்ஜ் ஆகும் டார்ச் இப்போது நிறைய. வாங்கும்போது கேட்க வேண்டியது: இரு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஆகுமா? துளை சி வடிவில் இருக்கும், உள்ளே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை மிச்சம் பிடித்திருப்பார்கள். அப்படியானால் சார்ஜருக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள் இருப்பதே தெரியாது, மின்சாரம் வராது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி ஆக உள்ள கேபிளில் மட்டும்தான் சார்ஜ் ஆகும். டார்ச் மட்டுமல்ல, சின்ன விசிறி, ஷேவர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றிலும் இந்தக் குறை வருகிறது.

பைக்குள் தானாக எரிந்துவிடாமல் இருக்க ஒரு சோதனை. டார்ச்சின் வால் மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். மரைகளில் மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு இருந்தால் மின்சாரம் பாயாது, டார்ச் செத்துவிடும். திருகினால் மறுபடி எரியும். மரை பளபளவென்று வெறும் அலுமினியமாக இருந்தால் இந்த வசதி இல்லை. சக்தியான டார்ச் பைக்குள் எரிந்தால் துணி பொசுங்கும் அளவுக்குச் சூடாகும், அதனால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள். நீர் தாங்கும் அளவும் பெட்டியில் இருக்கும்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீர் வரை, ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்.

மல்டிடூலும் குட்டிக் கத்தியும்

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறைதான் பிற்பாடு விக்டோரினாக்ஸ் ஆனது. ராணுவ அதிகாரிகளுக்கான அந்தப் பிரபலமான மடக்குக் கத்தி 1897-ல் வந்தது. டிம் லெதர்மேன் 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, காரும் தங்கும் அறைகளின் குழாய்களும் ஓயாமல் மக்கர் செய்ய, கத்தியோடு இடுக்கியும் இருந்தால் என்ன என்று யோசித்தார். அதைச் சந்தைக்குக் கொண்டுவர 1983 ஆகிவிட்டது. இன்றும் நீங்கள் இந்த இரண்டு வழியில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்: கத்தி, கத்தரி நடுவில் இருக்கும் தட்டையான பொருள், அல்லது இடுக்கி நடுவில் இருக்கும் கனமான பொருள். என் அனுபவத்தில் அலுவலகம், வீடு, பயணம் என்று வாழ்கிறவர்களுக்கு முதலாவது போதும். அண்ணனின் சாவிக்கொத்தில் இருந்தது விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. 58 மில்லிமீட்டர், சுமார் 21 கிராம். கத்தரி, குட்டிக் கத்தி, முனையில் ஸ்க்ரூடிரைவர் உள்ள நக அரம், முள் எடுக்கும் இடுக்கி, பல்குச்சி. முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான், அல்லது இதே அளவில் வேறு நல்ல கம்பெனியுடையது.

எந்த மல்டிடூலானாலும் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இவை.

கத்தரி: ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒற்றை மடிப்பாக வைத்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டுங்கள். சுத்தமாக வெட்டினால் நல்லது. மடித்துக் கடித்தால் இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, அதைச் சாணை பிடித்துச் சரி செய்ய முடியாது. கத்தரியின் ஸ்பிரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முதலில் உடைவது அதுதான்.

இடுக்கி: மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனிகள் சேர்ந்திருக்க வேண்டும். நுனி விலகி அடி மட்டும் ஒட்டினால் சின்ன ஆணியைப் பிடிக்காது. பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. ஒரு காகிதத்தைக் கவ்வி இழுங்கள். வழுக்கி வந்தால் வேண்டாம்.

திறப்பு: ஒவ்வொரு கருவியையும் ஈரக்கையோடு திறக்க முடிகிறதா? நகம் உடையும் அளவுக்கு இறுக்கம் என்றால், அவசரத்தில் திறக்க மாட்டீர்கள். ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் இருப்பது கூடவே வந்தால் அதுவும் தொல்லை. கத்தியைத் திறந்து வைத்து, விரல்களை விலக்கிக்கொண்டு, முதுகுப்பக்கம் மெல்ல அழுத்துங்கள். பூட்டு உள்ள கத்தி அசையவே கூடாது. பூட்டு இல்லாத ஸ்பிரிங் வகை கொஞ்சம் எதிர்த்துவிட்டு மடங்கும். குத்தித் திருகும் வேலைக்கு அது ஆகாது, விரல் போய்விடும்.

ஸ்க்ரூ முனை: வீட்டில் பெரும்பாலான நட்சத்திர ஸ்க்ரூக்களுக்கு பிஎச்2, பிஎச்1 அளவுகள் பொருந்தும், மூக்குக்கண்ணாடிக்கும் ரிமோட்டுக்கும் பிஎச்0, இன்னும் சின்னது. நிறையக் குட்டிக் கருவிகளில் “நட்சத்திர முனை” என்று தட்டையான தகட்டை வெட்டி வைத்திருப்பார்கள். அது ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடும். முனைகளை மாற்றிக்கொள்ளும் வகை என்றால் 6.35 மில்லிமீட்டர் அறுகோணமா, 4 மில்லிமீட்டர் அறுகோணமா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் எங்கும் முனை கிடைக்கும். தன் கம்பெனி முனை மட்டுமே பொருந்தும் தட்டை வகையை வாங்கினால், ஒன்று தொலைந்ததும் அதே கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எஃகின் பெயர்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பார்சல் பிரிக்கும், நூல் வெட்டும் குட்டிக் கத்திக்கு அதில் தலையைக் கொடுக்க வேண்டாம். கடினமான எஃகு கூர்மையை நாள்பட வைத்திருக்கும், ஆனால் மழுங்கினால் சாணை பிடிப்பது பாடு. எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற எண்ணால் சொல்வார்கள்; விக்டோரினாக்ஸ் அதைச் சுமார் 56 அளவில் மிதமாக வைத்திருக்கிறார்கள். துரு அதிகம் பிடிக்காது, வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். வியர்வை, கடல் காற்று, சமையலறை ஈரம் படும் இடத்தில் கத்தி இருக்கும் என்றால் துருப்பிடிக்காத எஃகா என்பது ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். டி2 மாதிரியான எஃகு கூர்மையில் நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தோடு விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

டைட்டானியம் என்று எழுதியிருந்தால் விலை ஏறிவிடும். எடை எஃகில் பாதிக்குச் சற்று மேல், துருப்பிடிக்காது. கைப்பிடிக்கும் சாவி வளையத்துக்கும் அருமையான உலோகம். ஆனால் பதப்படுத்திய எஃகின் கடினம் அதற்குக் கிடையாது. டைட்டானியத்தில் செய்த வெட்டும் முனையோ ஸ்க்ரூ முனையோ சீக்கிரம் வழியும். பித்தளையும் செம்பும் கைபடப் பட நிறம் மாறி அழகாகும். சிலருக்கு அந்த அழகு பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் எஃகைவிடக் கனம், கையில் வாடை ஒட்டும். அவற்றை மேசையில் வைக்கும் பொருளாக மட்டும் வாங்குகிறேன்.

மற்றவை

பவர் பேங்க் வாங்கும்போது கணக்குப் போடுங்கள். பெட்டியில் உள்ள 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்வது. அதாவது மொத்த ஆற்றல் 37 வாட் அவர். போனுக்கு 5 வோல்ட்டில் வரும்போது அது 7,400 ஆகிவிடும், நடுவில் சூடாகப் போவதையும் கழித்தால் 6,000 சொச்சம்தான் கையில் நிற்கும். இதில் ஏமாற்று இல்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் வாட் அவரும், 5 வோல்ட்டில் எவ்வளவு கொடுக்கும் என்பதும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பொருளை நான் தொடுவதில்லை. தினமும் சட்டைப்பையில் வைக்க 5,000 போதும், 10,000 தோள்பைக்கு.

பேனா என்றால் தலைகீழாகவும் ஈரத்தாளிலும் எழுதும் அழுத்த ரீஃபில் எனக்குப் பிடித்தது. உள்ளே நைட்ரஜன் வாயு மையைத் தள்ளிக்கொண்டிருக்கும். பால் ஃபிஷர் உருவாக்கி, 1968-ல் அப்போலோ 7 பயணத்தில் போன அதே முறை. சுவரில் தாளை வைத்து எழுத நேரும் எல்லோருக்கும் அது உதவும்.

குட்டி இஞ்ச் டேப் வாங்கினால் முனைக் கொக்கி லேசாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆட வேண்டும். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம். உள்ளளவு எடுக்கும்போது உள்ளே போகும், வெளியளவு எடுக்கும்போது வெளியே வரும். சாவிக்கொத்து டேப்புகளில் பலவற்றில் கொக்கி இறுக அடித்திருக்கும். அப்போது ஒரு பக்க அளவு எப்போதும் தப்பாக வரும்.

சாவியைக் கண்டுபிடிக்கும் டிராக்கர்களில் சிஆர்2032 பட்டன் செல் இருக்கும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன. ஏர்டேக் போன்ற சிலவற்றில் அந்தப் பூச்சால் தொடர்பு கிடைக்காமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. அதற்காகக் கசப்பில்லாத செல் வாங்கினால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அதை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். டிராக்கரின் மூடியும் குழந்தையின் கைக்குத் திறக்காத மாதிரி இருக்க வேண்டும்.

காரின் கண்ணாடியை உடைக்கும் முனை வைத்த பொருள்கள் பக்கக் கண்ணாடிக்கு உதவும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த கண்ணாடியை, அதாவது எல்லாக் கார்களின் முன் கண்ணாடியையும் சில கார்களின் பக்கக் கண்ணாடியையும், அது உடைக்காது. உங்கள் காரில் எது என்று கண்ணாடியின் மூலையில் உள்ள எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில்

கத்தி சம்பந்தப்பட்ட எதையும் வாங்கும் முன் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில், உதாரணத்துக்கு, காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது பூட்டு இல்லாத, வெட்டும் பகுதி 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தி மட்டும்தான். விற்கிறார்கள் என்பதால் சுமக்கலாம் என்று ஆகாது. விமானம் ஏறும்போது கத்தி உள்ள பொருள் சரக்குப் பெட்டிக்குப் போக வேண்டும். பவர் பேங்கும் உதிரி லித்தியம் செல்லும் நேர் எதிர்: அவை கைப்பையில்தான், 100 வாட் அவர் வரை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஆக, இரண்டையும் ஒரே சின்னப் பையில் போட்டு வைக்கும் பழக்கம் பயண நாளில் உதவாது.

இணையத்தில் வாங்கும்போது முதலில் எடையைத் தேடுங்கள். எடை போடாத விற்பனைப் பக்கத்தை நான் மூடிவிடுவேன். பிறகு படங்களில் கை இருக்கிறதா என்று பார்ப்பேன். கையோ நாணயமோ இல்லாமல் எடுத்த படத்தில் எல்லாப் பொருளும் பெரிதாகவே தெரியும். கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். “ஆறு மாதமாக வைத்திருக்கிறேன், கிளிப் மட்டும் தளர்ந்துவிட்டது” மாதிரியான உண்மைகள் அங்கேதான் கிடைக்கும்.

போலிகள் நிறைய உண்டு. எனக்கும் ஒன்று வந்தது, பேர் பெற்ற மல்டிடூல் ஒன்றை அப்படியே காப்பியடித்துச் செய்தது. பெட்டியும் முத்திரையும் அப்படியே இருந்தன. எடைபோட்டுப் பார்த்தபோது, தயாரிப்பாளர் சொன்னதைவிடப் பதினொரு கிராம் குறைவு. உட்புற ஓரங்கள் தீட்டாமல் சொரசொரப்பாக இருந்தன, எழுத்து பொறித்த ஆழம் ஒரே சீராக இல்லை. அதிலிருந்து சமையலறைத் தராசு என் முதல் சோதனைக் கருவி. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியல் இருக்கும், அதில் இல்லாதவரிடம் வழக்கத்துக்கு மாறான மலிவில் கிடைத்தால் விட்டுவிடுங்கள். லெதர்மேன் 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறது என்றால், அது அசலுக்குத்தான்.

பொருள் வீட்டுக்கு வந்த முதல் நாளே சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலம் முடியும் வரை உறையில் வைத்திருந்து பிறகு குறை கண்டுபிடிப்பதில் பிரயோஜனம் இல்லை. டார்ச்சை முழுச் சார்ஜில் நடு நிலையில் எரியவிட்டு, சொன்ன நேரம் வருகிறதா என்று கடிகாரத்தில் பாருங்கள். சி கேபிளை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பாருங்கள். சாவி வளையத்தை நகத்தால் பிரித்து விடுங்கள். தானாக இறுக மூடிக்கொள்ள வேண்டும், வாய் பிளந்து நின்றால் ஒருநாள் எல்லாச் சாவியும் தெருவில் கிடக்கும். கிளிப்பைத் தடித்த துணியிலும் மெல்லிய துணியிலும் மாட்டி இழுங்கள். மடக்குக் கருவிகளை இருபது முப்பது தடவை திறந்து மூடுங்கள். ஆட்டம் வருவதாக இருந்தால் அதற்குள் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சரி என்றால், தொழிற்சாலை எண்ணெயும் உலோகத் தூளும் போக, மடக்குக் கருவியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவுங்கள். நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு கீலிலும் ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, நாலைந்து தடவை அசைத்து, இரவு முழுக்கக் காகிதத்தின் மேல் வையுங்கள். காலையில் கசிந்ததைத் துடைத்துவிட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம்.